பாட்டில் இருந்த இடம்

முதல் குவளைத் தண்ணீரைத் தோளில் ஊற்றிக்கொண்டு கையை நீட்டிய பிறகுதான் இளவரசிக்குத் தெரிந்தது, பாட்டிலைக் காணோம். கண்ணை மூடிக்கொண்டு நீட்டினாலும் தப்பாமல் அகப்படும் இடம் அது, ஜன்னல் மேடையின் வலது மூலை. பதினோரு வருஷமாக அங்கே ஊதா நிறத்தில் பாடி வாஷ் பாட்டில் ஒன்று நின்றுகொண்டிருக்கும், தீர்ந்தால் அதே ஊதாவில் இன்னொன்று வரும். இன்றைக்கு அந்த மூலையில் பாட்டிலின் அடி பதிந்த வட்டம் மட்டும் இருந்தது, வட்டத்துக்கு நடுவில், அளந்து வைத்ததுபோல ஒரு சோப்புக் கட்டி. வெல்லத்தின் நிறம். வெல்லம்கூட இல்லை, மழையில் ஊறிய அட்டைப்பெட்டியின் நிறம். மேலே வெட்டிவேர் நாலைந்து இழை புடைத்துக்கொண்டு நின்றது, மாவில் விழுந்து செத்த பூச்சியின் கால்கள் மாதிரி. எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோபிச்செட்டிபாளையத்திலிருந்து பூபாலனின் அக்கா சுகந்தி வந்திருந்தபோது, சணல் கயிறு கட்டிய ஆறு கட்டிகளைச் சாப்பாட்டு மேஜைமேல் வரிசையாக அடுக்கி, "சுத்த இயற்கை, நானே காய்ச்சினது, இனிமேலாவது இதைப் போட்டுக் குளி இளவரசி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த 'இனிமேலாவது' ஒரு வாரமாக இளவரசியின் காதுக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. இனிமேலாவது என்றால் என்ன அர்த்தம் அண்ணி, இதுவரைக்கும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தேங்க்ஸ் அண்ணி என்றாள். பத்து மாசமாக அவள் எல்லோருக்கும் தேங்க்ஸ் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், பார்க்க வந்தவர்களுக்கு, பழம் கொண்டுவந்தவர்களுக்கு, முடி கொட்டினாலும் முகக்களை போகவில்லை என்றவர்களுக்கு.

"என்னங்க!"

கூடத்தில் பேப்பர் சலசலத்தது. இரண்டாம் சனிக்கிழமை, பூபாலனுக்குக் கம்பெனி லீவு.

"ம்?"

"என் பாட்டில் எங்கே?"

"அதான் சோப்பு வெச்சிருக்கேனே, பாக்கலியா? கெமிக்கல் இல்லாதது."

"பாட்டில் எங்கேன்னு கேட்டேன்."

பேப்பர் ஒரு பக்கம் திரும்பியது. பிறகு, குழந்தைக்குக் கசப்பு மருந்தை இனிப்பு என்று சொல்லும் அதே குரலில், "காலையில குப்பை வண்டி வந்துச்சு இளா. பாதிக்கு மேல இருந்துச்சு, கொட்டிக் கழுவிட்டுத்தான் போட்டேன்."

கொட்டிக் கழுவி. ஈர உடம்போடு அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் குளியலறை வடிகாலில்தானே கொட்டியிருப்பார், இதோ கால் விரலுக்கடியில் வழவழவென்று இருப்பது அதன் மிச்சமாக இருக்கும், மோந்து பார்த்தால் லாவண்டர் வாசனைகூட லேசாக வந்தது, அல்லது வருவதாக நினைத்துக்கொண்டாள். கெமிக்கல் இல்லாததாம். பதினேழு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள் வீட்டில் வந்து கெமிக்கல் இல்லாத சோப்பு. கொழுப்போடு காஸ்டிக் சோடா சேராமல் எந்தச் சோப்பும் உலகத்தில் இதுவரை பிறக்கவில்லை, உங்கள் அக்கா கையுறை மாட்டிக்கொண்டு வாளியில் கிண்டியிருப்பாளே, அது என்னவாம், கோவில் தீர்த்தமா. தண்ணீர்கூடக் கெமிக்கல்தான். நான் கெமிக்கல், நீங்கள் கெமிக்கல், இந்த எட்டு மணி வெயில் மட்டும்தான் இந்தக் குளியலறையில் கெமிக்கல் இல்லாதது. இதை வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சு வரைக்கும் சிரிக்கும். வீட்டில் சொன்னால் பூபாலன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், கேட்டுக்கொண்டு மறுநாள் இன்னொன்றைத் தூக்கிப் போடுவார். முதலில் நான்ஸ்டிக் தோசைக்கல் போனது, பிறகு பிளாஸ்டிக் டப்பாக்கள், பிறகு எண்ணெய், உப்பு, கொசுவத்தி, அவளுடைய பவுடர், நகப்பூச்சு. மறைமலைநகரில் காருக்கு பிரேக் செய்கிற கம்பெனியில் அவருக்குத் தரக் கட்டுப்பாட்டில் வேலை. ஒரு பிரேக் பழுதாகித் திரும்பி வந்தால், எந்த மெஷினில், எந்த ஷிப்டில், யார் கையால் அது கெட்டது என்று தோண்டித் தோண்டி மூல காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால்தான் கோப்பை மூட முடியும். இவளும் பழுதாகித் திரும்பி வந்துவிட்டாள். இவளுக்கும் ஒரு மூல காரணம் எழுத வேண்டியிருந்தது அந்த ஆளுக்கு.

எழுதியும்விட்டார். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள், மருந்து மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தபோது, வார்டுக்கு வெளியே நடைபாதையில் நின்று அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "பதினோரு வருஷமா அந்தக் கண்றாவியைத்தான்க்கா தேய்ச்சுக்கிட்டு இருந்தா. நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்." எப்போது சொன்னார்? ஒரு தடவை சொன்னாரா? வாசனை நல்லா இருக்கு, என்ன பிராண்டு என்று கேட்டதுதான் உண்டு. ஒரு தடவை அவரே எடுத்துப் போட்டுக் குளித்துவிட்டு ஆபீஸ் போய், யாரோ கிண்டல் செய்தார்கள் என்று சிரித்ததும் உண்டு. ஆனால் அன்றைக்கு அந்தக் கட்டிலில், இடது பக்கம் கட்டுப் போட்டு, அதிலிருந்து ஒரு குழாய் தொங்கி, ரத்தமும் நீருமாக ஒரு டப்பாவில் வடிந்துகொண்டிருக்கையில், 'எப்போ சொன்னீங்க' என்று எழுந்துபோய்க் கேட்க அவளால் முடியவில்லை. அதற்குப் பிறகு முடிந்தது, எத்தனையோ நாள் முடிந்தது, கேட்கத்தான் இல்லை. கேட்டால் அவர் சொல்லப்போகும் பதிலைவிட, தனக்குள்ளேயே ஒரு பதில் எழுந்து உட்கார்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஏனென்றால் அவளும் தேடியிருந்தாள். மகள் விடுதிக்குத் திரும்பிப் போன மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த ஒவ்வொரு பெயரையும் போனில் தட்டித் தட்டிப் பார்த்தாள். இருக்கலாம் என்று ஒருவன், ஆதாரமே இல்லை என்று இன்னொருவன், மேலும் ஆராய வேண்டும் என்று மூன்றாமவன். டாக்டரிடம் கேட்டதற்கு அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதனாலதான்னு ஒண்ணைக் கைநீட்டிக் காட்ட முடியாதும்மா" என்றாள். கைநீட்டிக் காட்ட வீட்டில் ஆள் இருக்கிறதே டாக்டர் என்று நினைத்துக்கொண்டாள்.

தண்ணீர் உடம்பில் ஆறிக் குளிரத் தொடங்கியிருந்தது. வேறு வழியில்லை, கட்டியை எடுத்தாள். கனமாக இருந்தது, முனைகள் கூர்மையாக, இன்னும் யார் உடம்பும் படாத கூர்மை. நனைத்துத் தேய்த்தால் நுரையைக் காணோம். எப்படி வரும், மேடவாக்கத்து போர்வெல் தண்ணீரில் எந்த இயற்கை வந்து நுரைக்கும், சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திப்பித் திப்பியாகத் தயிர் திரிந்த மாதிரி மிதக்கும், பத்தாம் வகுப்புப் பாடம் அது, கடின நீர், மென்னீர், ஐந்து மதிப்பெண். அந்த ஊதாப் பாட்டில் இந்தத் தண்ணீரிலும் நுரைக்கும், கொழுகொழுவென்று, முழங்கை வரைக்கும் வெள்ளைக் கையுறை போட்ட மாதிரி. பாட்டிலை ஒரு அமுக்கு அமுக்கி, பிளாஸ்டிக் வலைப் பந்தில் விட்டு, ஒரு கசக்கு கசக்கினால் போதும். பந்தையும் காணோம். அதையும் போட்டுவிட்டார், பிளாஸ்டிக் அல்லவா. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளி ஆண்டு விழா முடிந்து, கால் வீங்கி, தொண்டை கட்டி வீட்டுக்குப் போகிற வழியில் சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்து, அரிசியும் பருப்பும் எடுத்த பிறகு, யாருக்காகவும் இல்லாமல் தனக்கென்று எடுத்த முதல் சாமான் அது. அன்றைக்குக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இருபது நிமிஷம் குளித்தாள். மாமியார் இருந்த காலம், இரண்டு தடவை கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை. அந்த இருபது நிமிஷத்தில் அவள் யாருக்கும் டீச்சர் இல்லை, அம்மா இல்லை, மருமகள் இல்லை, நுரைக்குள் இருக்கிற ஒரு உடம்பு, அவ்வளவுதான். அதைத்தான் இன்று கழுவிக் கொட்டியிருக்கிறார் இந்த மனுஷன், பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், காலை ஆட்டிக்கொண்டிருப்பார், காலை ஆட்டாமல் அவருக்குப் பேப்பர் படிக்க வராது.

வலது தோள், வலது கை, கழுத்து. சோப்பு தோலில் பிடித்துப் பிடித்து இழுத்தது, வெட்டிவேர் சுரண்டியது. வயிறு, தொடை, முழங்கால். முழங்காலை இரண்டாம் தடவையும் தேய்த்தாள். தேய்க்கும்போதே தெரிந்தது, தான் சுற்றிச் சுற்றி வருவது. சுற்றி வர இன்னும் இடம் பாக்கி இல்லை, இடது பக்கம் மட்டும்தான் பாக்கி. வலைப் பந்து இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டால் கைக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் இரண்டு அங்குல நுரை இருக்கும், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வட்டம், தண்ணீர், முடிந்தது. எட்டு மாசமாக அப்படித்தான். கண்ணாடியை அவளே கூடத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டாள், வெளிச்சம் போதவில்லை என்று ஒரு பொய். வீட்டுக்கு அனுப்பும்போது அந்த நாகர்கோவில் சிஸ்டர், கட்டையான, அதட்டுகிற சிஸ்டர், அவள் கையைப் பிடித்து விரல் மூன்றையும் சேர்த்து வைத்துச் சொல்லிக் கொடுத்தாள், "மாசம் ஒருக்க, இந்த மூணு விரலால, வட்டமா, அமுக்கி அமுக்கிப் பாக்கணும், ரெண்டு பக்கமும், தையல் போட்ட இடம், அக்குள், எல்லாம். மடி பிடிச்சு, சோம்பேறித்தனமா இருந்துராதீங்க டீச்சர்." சரி சிஸ்டர், தேங்க்ஸ் சிஸ்டர். ஒரு மாசம்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மாசமும் அடுத்த மாசம் என்று நினைத்துக்கொண்டாள். பூபாலனும் பார்க்கவில்லை. கட்டுப் பிரித்த நாளில் டாக்டர் "நீங்களும் வந்து பாருங்க சார்" என்றபோது பார்க்கிங் டோக்கன் என்று எதையோ சொல்லிவிட்டு வெளியே போனவர்தான். வீட்டில் ஒரு உப்புப் பொட்டலத்தைக்கூட விடாமல் திருப்பித் திருப்பிப் படிக்கிற ஆள் இந்த எட்டு மாசத்தில் அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்ததில்லை. உடுத்துகிறாள் என்றால் எழுந்து போய்விடுவார். மரியாதை என்று அவருக்கு நினைப்பு.

சரி, தேய்த்துத் தொலைத்தால்தான் வெளியே போகலாம். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம், புதுப் புடவைக்குப் பால்ஸ் தைக்கக் கொடுத்தது வாங்க வேண்டும், லாப் சாவி யாரிடம் இருக்கிறதோ, என்று எதையெதையோ நினைத்துக்கொண்டு கட்டியை இடது பக்கம் கொண்டுபோனாள். அது வழுக்கியது. சோப்பு கீழே விழுந்து சுவரோரம் ஓடியது, கை மட்டும் அங்கேயே நின்றது, வெறுங்கை, முதல் தடவையாக. தட்டையாக, சில்லென்று, யாருடையதோ போல இருந்தது. கைக்குத் தோல் தெரிந்தது, தோலுக்குக் கை தெரியவில்லை, மரத்துப்போன உதட்டைத் தொடுகிற மாதிரி. தையல் கோடு வரப்பு மாதிரி குறுக்கே ஓடியது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை மாசம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றி முடிவதற்குள் அக்குள் பக்கம் கோடு முடிகிற இடத்தில் நடுவிரலுக்கடியில் என்னவோ உருண்டது. சோப்புத் திப்பி. கழுவினாள். வெட்டிவேர்த் துணுக்காக இருக்கும். கழுவினாள். விரலை வைத்தாள், உருண்டது, பச்சைப் பயறு அளவு, தோலுக்கு அடியில். தையல் முடிச்சாக இருக்கும், முடிச்சு இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள், சொன்னார்களா, யார் சொன்னது, அது கரைந்துவிடுகிற நூல் என்றல்லவா சொன்னார்கள். விலா எலும்பு. எலும்பு உருளாது. விரலை எடுத்தாள், இல்லை, ஒன்றும் இல்லை, வைத்தாள், இருக்கிறது. வலது பக்கம் அதே இடத்தில் தேடினாள், அங்கே இல்லை. திரும்ப இங்கே. மூன்று விரலைச் சேர்த்து வட்டமாக, அமுக்கி, மடி பிடிச்சு இருந்துராதீங்க டீச்சர், எத்தனை நாளாக இருக்கிறது இது, நேற்றா, மூன்று மாசமா, எப்படித் தெரியும், பந்துதானே தொட்டுக்கொண்டிருந்தது, நுரைதானே தொட்டுக்கொண்டிருந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தப் பதில் வந்தது. வருமென்று பயந்து எட்டு மாசமாகக் கதவைச் சாத்தி வைத்திருந்தாளே, அது வேறு கதவு வழியாக வந்தது. மார்பில் இருந்த முதல் கட்டியைக் கண்டுபிடித்தது அவள் அல்ல. பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகளுக்கு மருத்துவ முகாம் நடத்தினார்கள், திரைக்குப் பின்னால் இருந்த சின்னப் பெண் டாக்டர் தொட்ட உடனே முகம் மாறி, "எலுமிச்சம்பழம் சைஸுக்கு இருக்கே மேடம், குளிக்கும்போது கையில படலியா?" என்று கேட்டாள். படவில்லை என்று சொன்னாள். உண்மைதான், படவில்லை, பதினோரு வருஷமாகத் தன் உடம்பைத் தன் கையால் அவள் தொட்டதே இல்லை. வெறும் சோப்பைப் போட்டுக் கையால் தேய்த்துக் குளித்திருந்தால் அது பயறாக இருக்கும்போதே பட்டிருக்கும். பயறுக்கு ஒரு சின்னக் கீறல் போதும் என்பார்கள், எலுமிச்சைக்குத்தான் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்பார்கள். அப்படியானால் பாட்டில்தான். அவர் சொன்ன வழியில் இல்லை, அவருக்குத் தெரியாத ஒரு வழியில். அந்த இருபது நிமிஷம்தான். இல்லை, இது அபத்தம், கையால் தேய்த்துக் குளிக்கிற எத்தனை பெண்களுக்கு வந்திருக்கிறது, தெரியாமலே போயிருக்கிறது. அபத்தம் என்று சொன்னது ஒரு வாய், இன்னொரு வாய் பாட்டில்தான் என்றது. இதை அந்த ஆளிடம் மட்டும் சொல்லவே கூடாது, செத்தாலும் சொல்லக்கூடாது. சொன்னால் எழுதிவிடுவார், கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூடிவிடுவார்.

கதவு தட்டப்பட்டது. "இளா, ஆச்சா? அக்கா லைன்ல இருக்கு. சோப்பு எப்படி இருக்குன்னு கேக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறிப் பல்லைக் கடிக்க வைத்தது. துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டாள். தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"போனை வைங்க."

"அக்கா ஒரு வார்த்தை..."

"வைங்கன்னா வைங்க."

பூபாலன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்புறம் பேசறேன்க்கா" என்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். வழக்கம்போல அவர் கண் அவள் தோளுக்கு மேலே போய்ச் சுவரில் நின்றது.

"கையைக் குடுங்க."

"எதுக்கு? வழுக்கிட்டியா? அதான் மிதியடி போடணும்னு..."

அவர் வலது கையைப் பிடித்து இழுத்து, துண்டை விலக்கி, தையல் கோடு முடிகிற இடத்தில் வைத்தாள். அந்தக் கை அடுப்பில் பட்டதுபோல் துள்ளியது. விடவில்லை. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல இளா. ஒண்ணும் தெரியல."

"நீங்க தொடவே இல்லை. கண்ணைத் திறங்க."

"இளா..."

"உப்புப் பாக்கெட்டைப் பாக்கறீங்கல்ல? இதையும் பாருங்க. கண்ணைத் திறங்க."

திறந்தார். பார்த்தார். எட்டு மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்தார், அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து அந்தப் பயறின் மேல் அழுத்தினாள். விரல் நின்றது. ஒரு தடவை அதுவே அசைந்து பார்த்தது. கம்பெனியில் எத்தனையோ ஆயிரம் பிரேக்கைத் தடவிப் பார்த்த விரல், அதற்குத் தெரிந்துவிட்டது. உதடு ஓரம் இழுத்துக்கொண்டது.

"எப்ப இருந்து?"

"தெரியாது. இன்னிக்குத்தான் பட்டுச்சு."

"அந்த பாட்டில்..." என்று ஆரம்பித்தார்.

"அதைச் சொன்னீங்கன்னா இப்பவே இந்தத் துண்டோட ரோட்டுக்குப் போயிருவேன். சத்தியமாப் போயிருவேன். ஒரே ஒரு தடவை சொல்லுங்க, அதனால வரலைன்னு சொல்லுங்க."

அவர் சுவரில் சாய்ந்தார். கை மட்டும் அங்கேயே இருந்தது, எடுக்க மறந்துவிட்டார் போல. "அதனாலயா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும் இளா," என்றார். "ஆஸ்பத்திரியில ஒண்ணும் பண்ண முடியல. வெளியில உக்காரச் சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்தா எதையாவது தூக்கிப் போடணும் போல இருந்துச்சு. தூக்கிப் போட்டா அன்னிக்கு மட்டும் தூக்கம் வரும்."

"அதுக்கு என்னோடதுதான் கிடைச்சுதா உங்களுக்கு? உங்களோடது ஒண்ணாவது போட்டீங்களா?"

யோசித்துப் பார்த்திருக்கவே மாட்டார். அவர் முகத்தில் இப்போதுதான் அந்த யோசனை வந்து இறங்குவது தெரிந்தது. இரக்கமாக இருந்தது, இரக்கம் வந்ததற்காகக் கோபமாகவும் இருந்தது. மன்னிப்பதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்று நினைத்துக்கொண்டாள். துண்டை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் சட்டைப் பையிலிருந்து போனை அவளே எடுத்து ஆஸ்பத்திரி எண்ணைத் தேடினாள். அவர், "நான் பேசறேன், நீ பதட்டப்படாதே" என்று கை நீட்டினார். கையைத் தட்டிவிட்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், சனிக்கிழமையானதால் ஒரு மணி வரைதான் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு, என்ன விஷயம் மேடம் என்று கேட்டது. "குளிக்கும்போது கையில ஒண்ணு தட்டுப்பட்டுச்சு," என்றாள் இளவரசி. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரல் அது, எங்கிருந்து வந்ததோ, நடுங்காமல் வந்தது. பெயர், வயசு, ஆபரேஷன் நடந்த தேதி, எல்லாம் சொன்னாள். பத்தரைக்கு வரச் சொன்னார்கள்.

"கூட அட்டெண்டர் யாராவது வர்றாங்களா மேடம்?"

அவள் பூபாலனைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், சுவரை அல்ல.

"வர்றாங்க," என்றாள். "வண்டி ஓட்டறதுக்கு ஒருத்தர் வர்றார்."